குடோனுக்கு அடியில் போன குழாய்

தொட்டியில் களிமண் குழம்பு குறைந்துகொண்டிருந்தது.

டீ நிறத்தில், மோரைவிடக் கொஞ்சம் கெட்டியாக, சிறிய அறை அளவுள்ள இரும்புத் தொட்டி நிறைய நிற்க வேண்டிய குழம்பு அது. சற்றுமுன் அது நின்ற உயரம் தொட்டியின் உட்புறத்தில் ஈரக்கோடாகத் தெரிந்தது. கோட்டுக்குக் கீழே ஒரு சாண் வெறும் இரும்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒன்றரைச் சாண் ஆனது.

காலை நேரம். பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. யாரோ எனக்கென்று வாங்கிவந்த டீ, மேஜையில் ஆடை கட்டிப்போயிருந்தது.

தொட்டியில் ஓட்டை இல்லை. குழாய் இணைப்பு எதுவும் ஒழுகவில்லை. அப்படியென்றால் குழம்பு போகக்கூடிய இடம் ஒன்றுதான். மண்.

"கோபால், பிரஷர் என்ன?" என்று கத்தினேன்.

மெஷினை இயக்கும் கோபால் தகரக் கேபினிலிருந்து தலையை நீட்டினார். எந்நேரமும் ஏதாவதொரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பவர். அன்று வாய் மூடியிருந்தது.

"எறங்குதுங்க மேடம். நிக்கவே மாட்டேங்குது."

அந்த நேரத்தில் மெஷின், சாமியப்பன் வீட்டுத் தறிக் குடோனுக்கு நேர் கீழே இருந்தது.

மண்ணுக்கு ஒரு கை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வேலை தேடி மில் மில்லாக அலைந்த கதையைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். கடைசியில் எனக்குக் கிடைத்தது யாரும் கேள்விப்படாத ஒரு வேலை. சோமனூர்ப் பக்கம், நொய்யலுக்குக் கொஞ்சம் தள்ளி, ரயில் பாதைக்கு அடியில் குடிநீர்க் குழாய் கொண்டுபோகும் வேலை. சிவில் படித்த பெண்களைச் சைட்டுக்கு எடுக்கத் தயங்கிய காலம். என்னை எடுத்தவர் ராஜாராம் சார். சென்னைக்காரர். குரலை உயர்த்தாத மனிதர்.

ரயில் ஓடும் இடத்தில் பள்ளம் தோண்ட முடியாது. அதனால் ஒரு பக்கம் ஆழமான குழி வெட்டி, அதில் மெஷினை இறக்கி, அதன் முன்னால் சுழலும் கட்டரால் மண்ணைக் குடைந்துகொண்டே பின்னாலிருந்து கான்கிரீட் குழாய்களை ஒவ்வொன்றாகத் தள்ளுவோம். குழாய்க்குள் ஆள் போவதில்லை. மேலே கேபினில் உட்கார்ந்தபடியே ஓட்டலாம். அந்த வட்டாரத்தில் அப்படியொரு மெஷின் அதற்குமுன் வந்ததாக எனக்குத் தெரியாது. பள்ளிப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

பாறையென்றால் கவலையில்லை. ஆனால் நொய்யல் எந்தக் காலத்திலோ அந்தப் பக்கமாக ஓடியிருக்க வேண்டும். மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே வெறும் மணல். கையில் அள்ளினால் விரல் இடுக்கில் ஒழுகிவிடும். அப்படிப்பட்ட மண்ணில் ஓட்டை போட்டால், ஓட்டை நிற்காது. மேலே இருப்பதெல்லாம் உள்ளே வந்து விழும்.

அதற்குத்தான் குழம்பு. பெண்டோனைட் என்கிற களிமண் பொடியைத் தண்ணீரில் கரைத்து, மெஷினின் முகத்துக்கு, அதாவது அது மண்ணை வெட்டும் இடத்துக்கு, அழுத்தமாக அனுப்பிக்கொண்டே இருப்போம். அது மணலின் மேல் பாலாடை மாதிரி ஒட்டி, சரியவிடாமல் தாங்கிப் பிடிக்கும். வெட்டிய மண்ணைச் சுமந்துகொண்டு இன்னொரு குழாய் வழியாக மேலே திரும்பி வரும். சல்லடையில் மண்ணை நீக்கிவிட்டு மறுபடியும் உள்ளே அனுப்புவோம்.

ராஜாராம் சார் முதல் நாள் எனக்குச் சொன்னது இதுதான்: "தேன்மொழி, மண்ணுக்கு நாம ஒரு கை குடுத்திருக்கோம். அந்தக் கையை எடுத்தா விழுந்துடும். எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கக் கூடாது."

இப்போது அந்தக் கை தானாகவே நழுவிக்கொண்டிருந்தது.

அன்னூர்க் கிணறு

மண் சரிவதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் அன்னூருக்குப் பக்கம். நான் பள்ளியில் படிக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். மழை விட்ட மறுநாள். நான் வரப்பில் போய்க்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. மூட்டையிலிருந்து தானியம் கொட்டுகிற மாதிரி ஒரு 'சொர்ர்' சத்தம், அவ்வளவுதான். பிறகு ஆட்கள் ஓடினார்கள். உள்ளே இருவர் இருந்தார்கள். ஒருவர் வெளியே வந்தார்.

வெளியே வந்தவரின் புருவத்திலும் காதிலும் மண் அப்பியிருந்தது. அவர் கையை மட்டும் மண்ணைத் தள்ளுவது போல ஆட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்கு இந்த வேலை கிடைத்ததும் அப்பா சந்தோஷப்பட்டார். என்ன வேலை என்று விவரம் தெரிந்ததும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"மண்ணுக்குள்ள போற வேலையா கண்ணு?"

"நான் உள்ள போக மாட்டனுங்கப்பா. மேலதான் இருப்பேன். மேல இருக்கற ஊடெல்லாம் எறங்குதா இல்லையான்னு பாக்கறதுதான் என்ற வேலை."

"எறங்குனா?"

நான் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்துவிட்டேன்.

தறிகள் நின்றன

"கட்டரை நிறுத்து. பம்பை நிறுத்தாதே. பின்னாலயும் இழுக்காதே. அப்படியே நிக்கட்டும்." ராஜாராம் சார் கேபின் வாசலிலேயே நின்று சொன்னார். அடுத்து என் பக்கம் திரும்பினார். "வீட்டைக் காலி பண்ணுங்க. தறி எல்லாம் நிக்கணும். அந்த அதிர்விலேயே மணல் இறங்கும்."

ஓடினேன்.

சாமியப்பன் வீடும் குடோனும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. முன்னால் வீடு, பின்னால் குடோனில் எட்டுத் தறி. சில வாரங்களுக்கு முன் அவர் மொபெட்டில் போய் லாரியில் அடிபட்டிருந்தார். தொடை எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே இரும்புக் கட்டிலில் படுக்கவைத்து, காலில் கயிறு கட்டி, கட்டில் விளிம்பில் ஓர் உருளை பொருத்தி, கயிற்று முனையில் செங்கல் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். எலும்பு சேரும்வரை அந்தப் பாரம் காலை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தறிகளை அவர் மனைவி சரஸ்வதி அக்காதான் ஆட்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தறியை நிறுத்துங்க. எல்லாரும் வெளிய வாங்க."

தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. நான் நேராகப் போய் மெயின் ஸ்விட்சை இறக்கினேன். எட்டுத் தறியும் ஒன்றாக அடங்கின.

"ஏனுங்க அம்மணி, என்ன பண்றீங்க? பாவு நூலெல்லாம் அறுந்துபோகுமுங்க!"

"கீழ மண்ணு பிடிமானம் இல்லாமப் போகுதுங்க்கா. வெசையா வாங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். தறிக்காரர்கள் அதற்குள் வாசலை நோக்கி நகர்ந்துவிட்டார்கள்.

"நேத்து வந்து செவுத்துல ஆணி அடிச்சு அளந்து பாத்துட்டு, ஒண்ணும் இல்லீங்கன்னு சொல்லிப்போட்டுத்தான போனீங்க?"

"நேத்து ஒண்ணும் இல்லீங்க. இன்னைக்கு இருக்குது."

"அவரை எப்படிங்க எந்திரிக்க வெக்கறது?" என்றார்.

எந்திரிக்க வைக்க முடியாது. கட்டிலோடுதான் தூக்க வேண்டும். நான்கு தறிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். கூப்பிடாமலேயே வந்தார்கள், அதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆளுக்கொரு கட்டில்காலைப் பிடித்தார்கள். பிரச்சினை செங்கல் பை. கட்டில் ஆடினால் பை ஆடும், பை ஆடினால் உடைந்த எலும்பு அசையும். இரண்டு உள்ளங்கைகளையும் பையின் இருபுறமும் அணைகொடுத்து அது ஆடாமல் பார்த்துக்கொண்டேன். ஏந்திவிடவும் கூடாது, ஏந்தினால் கயிறு தொய்ந்துவிடும். கட்டில் போகிற வேகத்துக்கே பின்னோக்கி நடந்தேன்.

கதவுநிலையில் கட்டில் இடித்தது. சாமியப்பன் பல்லைக் கடித்தார். சத்தம் போடவில்லை. ஒருவர் கதவைக் கீலோடு கழற்றி வீசினார். கட்டிலைச் சாய்த்து வெளியே எடுத்தபோது கயிறு ஒருமுறை தளர்ந்து மறுபடி இறுகியது. அப்போது அவர் போட்ட சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது.

தெருவின் எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் கட்டிலை இறக்கினோம். பக்கத்துக் குடோன்களிலும் தறிகளை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தெருவில் அவ்வளவு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எங்கோ ஒரு குழந்தை அழுதது. எங்கள் பம்ப் மட்டும் தூரத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

சல்லடையில் வந்த செங்கல்

வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கும் கல் ஒன்று இருந்தது. அதன் அடியிலிருந்து டீ நிறத்தில் ஏதோ மெதுவாகக் கொப்பளித்து வந்தது. எங்கள் குழம்பு. இரண்டு மாடி ஆழத்தில் இருக்க வேண்டியது, துவைகல்லைச் சுற்றிக் குளமாக நின்றது.

இதைச் சொல்ல ஓடியபோது ராஜாராம் சார் சல்லடைக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார். அவர் கையில் ஒரு செங்கல் சில்லு. கூடவே கரியும் சாம்பலும்.

"அவ்வளவு ஆழத்துல செங்கல் எப்படி வரும்?" என்றார். என்னைக் கேட்ட மாதிரியும் இல்லை, தன்னையே கேட்ட மாதிரியும் இல்லை.

வேலை தொடங்கும் முன் அந்தத் தெரு முழுக்க வீடு வீடாகப் போய், பழைய கிணறு, சாக்கடைக் குழி ஏதாவது இருக்கிறதா என்று நாங்கள் விசாரித்திருந்தோம். சாமியப்பன் வீட்டிலும் கேட்டோம். இல்லை என்றார். துளை போட்டுப் பார்த்த இடங்களிலும் மணல்தான் வந்தது.

சார் நேராக வேப்பமரத்தடிக்குப் போனார். நானும் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் அதட்டவில்லை.

"உங்க குடோனுக்குக் கீழ என்ன இருக்குதுங்க?"

சாமியப்பன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை.

"சொல்லுங்க. உங்க மேல யாரும் கோவிக்கப் போறதில்லை. எனக்குத் தெரிஞ்சே ஆகணும்."

"கெணறுங்க," என்றார் சாமியப்பன். "எங்கப்பன் காலத்துக் கெணறு. தண்ணி வத்திப்போச்சு. சாம்பலு, ஒடஞ்ச ஓடு, குப்பையெல்லாம் கொட்டி மூடிப்போட்டு, அதுக்கு மேலதான் குடோனை இழுத்துக் கட்டுனேன்."

"ஏனுங்க, அவங்க கேட்டப்ப இல்லீன்னுதான சொன்னீங்க?" என்றார் சரஸ்வதி அக்கா.

"இருக்குதுன்னு சொன்னா குடோனை இடிக்கச் சொல்லிப்போடுவாங்களோன்னு பயந்துட்டேன் சரசு." அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "எட்டுத் தறியும் அங்கதான நிக்குது."

செங்கல் பை காற்றில் லேசாக அசைந்தது. சரஸ்வதி அக்கா குனிந்து அதைப் பிடித்து நிறுத்தினார்.

"எந்த மூலை?" என்றார் சார்.

"தெக்கால மூலைங்க. கடைசி ரெண்டு தறிக்கு அடியில."

பருத்திக்கொட்டைத் தோல்

ஆபீஸ் டெலிபோன் ஒலித்தது. தலைமை அலுவலகம். நான்தான் எடுத்து சாரிடம் கொடுத்தேன். அவர் கிணற்று விஷயத்தைச் சொன்னார். எதிர்முனையில் பேசியவர் கத்தியதில் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. நிற்காதே, வேகமாகத் தள்ளிக் கிணற்றைத் தாண்டிவிடு, நின்றால் மெஷின் மண்ணில் மாட்டிக்கொள்ளும் என்றார்.

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. மெஷின் கீழே மாட்டினால் எடுப்பதற்கு வீட்டைத்தான் தோண்ட வேண்டும். ஆனால் பிடிமானம் இல்லாத முகத்தோடு தள்ளினால், குழாய் அளவுக்கு மட்டுமா மண் வரும்? கிணற்றில் கொட்டியதும் சுற்றியுள்ள மணலும் சேர்ந்து வரும். கிணற்றைத் தாண்டி அதிக தூரமில்லை, ரயில் பாதை. மேலே தண்டவாளம்.

"தள்ள மாட்டேன் சார்," என்றார் ராஜாராம். "என் பேரைச் சொல்லி எழுதிக்கோங்க." போனை வைத்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

பெண்டோனைட் மூட்டைகள் கொஞ்சம்தான் மீதியிருந்தன. கரைத்துக் கரைத்து ஊற்றினோம். ஊற்றியதெல்லாம் கிணற்றுக்குள் போயிற்று. ஓட்டைப் பானையில் ஊற்றுகிற மாதிரி.

"இடுக்கை அடைக்க ஏதாவது கலக்கணும்," என்றார் சார். முன்பொரு காலத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலையில் இருந்தவர் அவர். "அங்கெல்லாம் குழம்பு ஓடிப்போனா பருத்திக்கொட்டைத் தோலைக் கலப்பாங்க. போய் இடுக்குல மாட்டி அடைச்சுக்கும்."

கோபால் குடோனிலிருந்து கழிவுப் பஞ்சை அள்ளிவரலாமா என்று கேட்டார். சார் வேண்டாம் என்றார். நூல் பம்பில் சுற்றிக்கொள்ளும். பம்ப் நின்றால் எல்லாம் முடிந்தது.

பருத்திக்கொட்டைத் தோலுக்கு அந்தப் பக்கத்தில் பஞ்சமா? அவிநாசி ரோட்டில் ஒரு எண்ணெய் மில். ஜீப்பை அனுப்பினோம். அது திரும்பும்வரை தொட்டிக்குப் பக்கத்திலிருந்து நான் நகரவில்லை. குழம்பு இறங்குவதைப் பார்ப்பேன், குடோன் சுவரைப் பார்ப்பேன். மறுபடி குழம்பு. எச்சில் விழுங்கினால் தொண்டையில் மண் ருசித்தது.

ஜீப் மூட்டைகளோடு வந்தது. அதிகம் கலந்தால் பம்ப் அடைக்கும், குறைவாகக் கலந்தால் கிணறு அடையாது. சார் முதலில் ஒரு பக்கெட்டில் கலந்து, கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்றார். தொட்டியில் கொட்டினோம். பம்பின் உறுமல் கனத்தது. ஒரு நிமிடம் திக்கியது. கோபால் கண்ணை மூடிக்கொண்டார். பம்ப் மறுபடி ஓடியது.

கொஞ்ச நேரத்தில் கேபினிலிருந்து குரல் வந்தது. "பிரஷர் முள்ளு நிக்குதுங்க சார்! நிக்குது!"

தொட்டியில் குழம்பு இறங்குவது நின்றிருந்தது. யாரும் கைதட்டவில்லை. மூச்சு மட்டும் விட்டோம்.

"வெளிய வாங்க!"

மெஷினின் முகத்தில் மண் நின்றுவிட்டது. ஆனால் கிணறு? வறண்டு கிடந்த குப்பையும் சாம்பலும் இப்போது குழம்பில் ஊறிவிட்டன. ஊறினால் அமுங்கும். மேலே சிமெண்டுத் தரை மட்டும் பாலம் மாதிரி நிற்கும். தரையில் ஒரு துளை போட்டு, அந்த வெற்றிடத்தை மணலும் சிமெண்டும் கரைத்து நிரப்ப வேண்டும்.

அதற்கு யாராவது உள்ளே போக வேண்டும்.

"நான் போறேன்," என்றார் சார். கூடவே எங்கள் மேஸ்திரி துரைசாமி. இருவர் இடுப்பிலும் கயிறு கட்டி, வெளியே ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் குடோன் வாசலுக்கு எதிரே லெவல் கருவியை நிறுத்தினேன். தெற்கு மூலையிலிருந்த தறியின் இரும்புச் சட்டத்தில் ஓர் அளவுகோலைக் கட்டியிருந்தோம். கருவியின் குறுக்குக்கோடு அந்த அளவுகோலில் எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தறி இறங்கினால் முதலில் தெரிவது எனக்குத்தான்.

"சத்தமாச் சொல்லுங்க," என்றார் சார். "நீங்க நிறுத்தினா நாங்க வெளிய வந்துடுவோம்."

உளி விழும் சத்தம். நான், "அப்படியே இருக்குது... அப்படியே இருக்குது..." என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்துப் பார்த்து, மூடிய கண் வலித்தது. பின்னால் சரஸ்வதி அக்கா நிற்பது அவர் மூச்சிலிருந்தே தெரிந்தது. கருவியைத் தொடக்கூடாது, தொட்டால் அளவு மாறும். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அப்படியே இருக்குது... அப்படியே..."

கோடு நகர்ந்தது. மயிரிழை. என் கண் சிமிட்டியதோ என்று நினைத்தேன். மறுபடி பார்த்தேன். இன்னும் ஒரு மயிரிழை.

"வெளிய வாங்க! சார், வெளிய வாங்க! துரைசாமிண்ணா!"

கயிறுகள் விறைத்தன. துரைசாமி வாசலைத் தாண்டி விழுந்தார். சார் அவருக்குப் பின்னால். அவர் கால் படியில் இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. இடியோசை அல்ல. தானியம் கொட்டுகிற சத்தம்.

தெற்கு மூலைத் தரை இரண்டாகப் பிளந்து சாய்ந்தது. கடைசித் தறி நெய்த துணியோடு மெல்ல முன்னால் குனிந்து உள்ளே இறங்கியது. அடுத்த தறி பாதியில் தொங்கி நின்றது. நூல்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடியது.

சுவர் நின்றது. கூரை நின்றது. பக்கத்து வீடு அசையவில்லை.

சார் படியில் உட்கார்ந்திருந்தார். நானும் போய் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"துளை போடற வேலை மிச்சமாச்சு," என்றார்.

அந்தப் பள்ளத்தின் வழியாகவே கரைசலை இறக்கினோம். பொழுது சாயும்வரை ஊற்றினோம். அதிலும் பயம் விடவில்லை. கெட்டியாக இறுகினால் மெஷின் வெட்டாது, இறுகாவிட்டால் மண் நிற்காது. சிமெண்டு மெஷினின் முகத்தைப் பிடித்துவிடுமோ என்று கோபால் அவ்வப்போது கட்டரைச் சற்றே சுழற்றி நிறுத்திக்கொண்டிருந்தார். பழையபடி பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தது மறுநாள்தான்.

கரைசல் இறுகியதும் மெஷின் நத்தை வேகத்தில் கிணற்றைக் குடைந்து தாண்டியது. ரயில் பாதைக்கு அடியில் போன நாட்களில் ஒவ்வொரு ரயில் வரும்போதும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கருவியோடு நின்றேன். தண்டவாளம் இறங்கவில்லை.

நின்ற இடம்

கம்பெனி குடோன் தரையைப் புதிதாகப் போட்டுக்கொடுத்தது. விரிசலை அடைத்தார்கள். விழுந்த தறியை வெளியே எடுத்து, வளைந்த சட்டத்தை மாற்றி நிறுத்தினார்கள். சாமியப்பன் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்தார். என்னைப் பார்த்தால் பேச்சில்லாமல் கும்பிடுவார். எனக்குச் சங்கடமாக இருக்கும்.

ஒருநாள் காலையில் சரஸ்வதி அக்கா எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அதற்குமுன் அவர் அங்கே வந்ததில்லை.

"ஏனுங்க அம்மணி, சித்த வாரீங்களா?"

போனேன். குடோன் வாசலில் தறிக்காரர்கள் நின்றிருந்தார்கள். கட்டிலைத் தூக்க வந்த அதே நால்வரும் அதில் இருந்தார்கள். யாரும் உள்ளே இல்லை.

"தரை காஞ்சு நாளாச்சுங்க. தறி ஓட்டுங்கன்னா ஒருத்தரும் உள்ள கால் வெக்க மாட்டேங்கறாங்க. நான் அவங்களைத் தப்புச் சொல்ல மாட்டேன். எனக்கே பயமாத்தான் இருக்குது." அவர் என் முகத்தைப் பார்த்தார். "அதுக்கு அடியில என்ன இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்க வந்து அந்த எடத்துல நில்லுங்க. தறி ஓடட்டும்."

ராஜாராம் சார் அன்று ஊரில் இல்லை. யாரையும் கேட்க வழியில்லை.

கணக்கு எனக்குத் தெரியும். எவ்வளவு ஊற்றினோம், எப்படி இறுகியது, குழாய் தாண்டிய பிறகு அளந்த அளவுகள், எல்லாம் சரி. ஆனால் காகிதத்தில் சரியாக இருப்பதற்கும், அந்தச் சிமெண்டுத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. தரை சில்லென்றிருந்தது. தெற்கு மூலையில், கடைசி இரண்டு தறிகளுக்கு நடுவே போய் நின்றேன்.

சரஸ்வதி அக்கா வாசலில் நின்று பார்க்கவில்லை. உள்ளே வந்தார். என் பக்கத்துத் தறியை அவரே போட்டார். அடுத்ததையும் போட்டார். தடதடப்பு பாதத்தில் ஏறி, முழங்காலில் ஏறி, பல்லுக்கு வந்தது. காதில் தறிச் சத்தம் தவிர எதுவும் இல்லை. அதற்குள் தானியம் கொட்டும் சத்தம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே நின்றேன். அவர் தறியைப் பார்க்கவில்லை. என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரு கை விரித்த நீளத்துக்குத் துணி நெய்தாயிற்று. வாசலிலிருந்து முதலில் ஒருவர் உள்ளே வந்தார். பிறகு இன்னொருவர். ஒவ்வொரு தறியாக ஓடத் தொடங்கியது. எட்டுத் தறியும் ஓடியபோது, கூரைத் தகரத்திலிருந்து பஞ்சுத் தூசி பறந்து என் தோளில் இறங்கியது.

சரஸ்வதி அக்கா என் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினார்.

"போதுமுங்க அம்மணி! வாங்க, காப்பி குடிக்கலாம்!"

"நீங்க போங்க்கா," என்று நானும் கத்தினேன். "நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்னுட்டு வாரேன்."